பாண் வானில் யோகராணி

அந்த நாளில் சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய வீட்டு ஹாலுக்குள் உட்கார வைத்துவிடலாம். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அப்படி ஒரு ஹாலில் கூடும்போது, புதிதாக வந்த யாராவது ஒருவர் யோகராணியிடம் கேட்டுவிடுவார்.

"நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"வெளியிலை, மரத்துக்குக் கீழ" என்பாள் யோகராணி.

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். வெளியே போய்ப் பார்த்தால் உண்மையாகவே மரத்துக்குக் கீழ் அவளுடைய வான் வண்டி நிற்கும். ஒரு காலத்தில் வீடு வீடாகப் பாண் விற்ற வான் அது. பேக்கரியின் பெயரை அழித்துப் பச்சை வர்ணம் பூசியிருந்தாள். ஆனால் மழை நாட்களில் உள்ளே இன்னும் பாண் மணந்தது. முன்பு பாண் தட்டுகள் செருகிய இரும்புச் சட்டங்களில் இப்போது அரிசி, பருப்பு, உடுப்பு, புத்தகம் எல்லாம் மரத் தட்டுகளில் செருகிக் கிடந்தன. மறுபக்கம் ஒரு பலகைக் கட்டில். பின்கதவைத் திறந்தால் ஒற்றை அடுப்பு. அதுதான் அவளுடைய குசினி.

பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவள் யோகராணி. அன்றிலிருந்து அவள் வாழ்ந்ததெல்லாம் தாதியர் விடுதிகளில். நீண்ட நடைக்கூடம், வரிசையாகக் கதவுகள், எல்லாக் கதவுகளுக்குமான சாவிக்கொத்து வேறொருத்தியின் இடுப்பில். லீட்ஸில் அப்படி, லண்டனில் அப்படி. ஊரிலிருந்து வந்த கலியாணப் பேச்சுகள் முப்பது வயதைத் தாண்டியதும் தாமாகவே நின்றுபோயின. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றில் சிட்னிக்கு வந்தாள். இங்கேயும் விடுதி, இங்கேயும் சாவிக்கொத்து.

உள்நாட்டுச் சிற்றூர்களில் தாதிகளுக்குப் பஞ்சம். லீவில் போகிறவர்களுக்குப் பதிலாக ஓரிடத்தில் மூன்று கிழமை, இன்னோரிடத்தில் ஒரு மாதம் என்று வேலை செய்ய ஆட்களைத் தேடினார்கள். யோகராணி போனாள். முதல் தடவை ரயிலில், ஒரு சூட்கேசோடு. அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பின்னாலும் ஒரு விடுதி இருந்தது. சிட்னிக்குத் திரும்பி வந்ததும் அந்த வானை வாங்கினாள். முதல் நாள் கட்டிலில் படுத்து, உள்பக்கமாகப் பூட்டி, சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அதற்குமுன் தூங்கியதில்லை.

சிட்னியில் அவளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைப்பது ராதா. ஓடித் திரியும் இரண்டு பிள்ளைகளும் ஓயாத வாயும் உள்ள நல்ல பெண்.

"அக்கா, இதென்ன சீவியம்? எங்கட பின்னறை சும்மா கிடக்குது. வந்து இருங்கோவன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

"வாறன், வாறன்" என்று சொல்லிவிட்டு யோகராணி வானின் எண்ணெயைப் பார்க்கப் போய்விடுவாள்.

வானை அவள் நோயாளியைப் போலக் கவனித்தாள். காலையில் தேநீருக்கு முன்னால் எண்ணெய், தண்ணீர், டயர். மண் பாதைகளில் ஓடினால் வண்டி நடுங்கி நடுங்கி ஒவ்வொரு திருகாணியும் தளர்ந்துவிடும். மாலையில் ஒரு சுற்று எல்லாவற்றையும் முறுக்கி வைப்பாள். வெட்டுக்கிளி பெருகிய கோடையில் அவை ரேடியேட்டரில் அப்பிக்கொண்டு எஞ்சினைக் கொதிக்க வைத்தன. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பியை வெட்டி முன்பக்கத்தில் கட்டினாள். ஒரு பெட்ரோல் நிலையத்துக் கிழவனிடம் பிரேக் சரிசெய்யப் படித்தாள். கேட்டுப் பார்ப்பது, செய்து பார்ப்பது, பிழைத்தால் மறுபடி கழற்றுவது. நகத்தில் கறுப்பு ஏறாத நாள் இல்லை. வார்டுக்குப் போகுமுன் பாதி எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவுவாள்.

எழுபத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில், பால்ரனால்டிலிருந்து ஹே நகரத்துக்குப் போகும் பெருந்தெருவில் அவள் வாசுதேவனைக் கண்டாள். அந்தச் சமவெளியில் ஒரு மரம் நின்றால் அதை ஒரு மணி நேரம் முன்பே காணலாம். அன்று கண்டது மரமல்ல. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வெள்ளிநிறக் கரவன் வீடு ஒன்று தெரு ஓரமாகச் சரிந்து நின்றது. அதன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மனிதர் குந்தியிருந்தார். யோகராணி நிறுத்தி இறங்கி நடந்தாள். அவர் சக்கரத்தைத் தொட்டு, சூடு பட்டு, கையை உதறினார்.

"அட கடவுளே! ஏந்தான் இப்படிப் பண்றியோ!"

யோகராணி அப்படியே நின்றுவிட்டாள். அந்த வெளியில், அந்தக் காற்றில், தமிழ்.

"நீங்கள் தமிழோ?"

அந்த மனிதர் எழுந்த வேகத்தில் தலை கரவனில் இடித்தது. தடவிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"ஆமாங்க... நீங்க?"

"ஓம். யாழ்ப்பாணம். என்ன நடந்தது?"

"சக்கரம் கத்துச்சுங்க. அப்புறம் புகை. எனக்கு ஒண்ணும் புரியலை."

அவள் குந்தி மணந்து பார்த்தாள். கருகிய கிரீஸ் மணம். "பேரிங் பழுதாப் போட்டுது. எப்ப கடைசியா கிரீஸ் வைச்சனீங்கள்?"

அவர் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைக்கத் தொடங்கினார். அதிலேயே பதில் இருந்தது.

சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே குண்டுகள் பொடிந்து கிடந்தன. ஹே நகரத்துக்குப் போய் வேறு வாங்கி வரவேண்டும். வானில் ஏறும்போது அவர் தயக்கத்தோடு, "எவ்வளவு நாளாச்சுங்க நம்ம பாஷையைக் கேட்டு. உங்களோட நிறையப் பேசணும்" என்றார்.

"ஏன் பேசப் போறியள்? நான் உதவிதானே செய்யிறன்?"

அவர் விழித்தார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது என்று அவள் விளக்க, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசுதேவன் கோயம்புத்தூர்க்காரர். எக்ஸ்ரே இயந்திரங்களைப் பராமரிக்கும் எஞ்சினியர். சிற்றூர் ஆஸ்பத்திரிகளின் இயந்திரங்களை எல்லாம் ஒரு சுற்றாகப் பார்த்துக்கொண்டு கரவனிலேயே வாழ்கிறார். மனைவி இறந்த பிறகு அவளோடு வாழ்ந்த வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கல்யாணி என்று ஒரு மகள். கோவையில் அவருடைய அக்காவின் வீட்டில் வளர்கிறாள். இதையெல்லாம் ஹே நகரத்துக்குப் போய் வருவதற்குள் சொல்லிவிட்டார். புது பேரிங்கை மாட்டி, கிரீஸ் அப்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் ரசம் வைத்தார். அவள் சம்பல் இடித்தாள். ஆளுக்கொரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரின் பாதைகளும் அடிக்கடி குறுக்கிட்டன. முதலில் தற்செயலாக, பிறகு தற்செயலைப் போல. அவருக்கு எந்த மாதம் எந்த ஆஸ்பத்திரி என்பது அவளுக்கு மனப்பாடமானது. அந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பாள். டெனிலிக்வினில் ஒரு கிழமை, கிரிஃபித்தில் நாலு நாள், எச்சூக்காவில் மரே ஆற்றங்கரையில் ஒரு முழு ஈஸ்டர். ஆற்றங்கரை மரங்களுக்குக் கீழே வானும் கரவனும் கதவுக்குக் கதவு நேராக நிற்கும். காலையில் அவள் கரவனுக்குக் கீழே ஊர்ந்து போய்ப் பார்ப்பாள். முதுகு பிடித்த வாசுதேவன் மேலே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார். அவளுடைய வானின் மின்கம்பியை எலி கடித்தபோது அவர்தான் அரைநாள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக ஒட்டினார். அவருடைய கைவிரல்கள் நீளமானவை. அவள் தேவைக்கு அதிகமாகவே அவற்றைப் பார்த்தாள்.

அந்த உறவுக்கு இருவரும் பெயர் வைக்கவில்லை. பிரியும் காலையில், "போட்டு வாறன்" என்று அவள் சொல்வாள். "போயிட்டு வாங்க" என்று அவர் சொல்வார். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. ஆளில்லாத தெருவில் ஓடும்போது எதிரே தூரத்தில் வெள்ளியாக ஏதாவது மின்னினால் அவளுடைய கால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அநேகமாக அது பால் ஏற்றும் லொறியாக இருக்கும். சிலவேளை கானல். லொறி கடந்து போன பிறகும் கண்ணாடியில் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே போவாள்.

எழுபத்தேழின் வசந்தத்தில், மறுபடியும் எச்சூக்காவில், வாசுதேவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லைங்க. கல்யாணி இங்கே வரப் போறா. பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடம் போகணும். கரவன்ல வச்சுக்க முடியாது."

"முடியாதுதான்" என்றாள் யோகராணி.

"கம்பெனியிலே மெல்பர்ன் பட்டறையிலேயே வேலை தர்றாங்க. கிளென் வேவர்லியிலே ஒரு வீடு பார்த்திருக்கேன். ரயில் அங்கேதான் முடியுது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்."

அவள் ஆற்றைப் பார்த்தாள். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நீங்களும் வாங்க. முறைப்படி ரிஜிஸ்தர் பண்ணிக்கலாம். ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்."

எத்தனையோ இரவுகள் இந்த வார்த்தைகளுக்காக ஏங்கியிருந்தாள் யோகராணி. வந்தபோது அவளுக்குத் தோன்றியது ஒரு நடைக்கூடமும் வரிசைக் கதவுகளும்தான்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். சொல்லிவிட்டு, "உங்கட இடதுபக்கப் பிரேக் இழுக்குது, போகமுதல் பாக்கவேணும்" என்றாள்.

அவர் கரவனை விற்றுவிட்டு மெல்பர்னுக்குப் போனார். கல்யாணி வந்து சேர்ந்தாள். யோகராணி யோசித்துக்கொண்டே ஓடினாள். இப்போது எந்த மாதம் எந்த ஊர் என்பதில் ஒரு பொருளும் இல்லை. எதிரே வெள்ளியாக எது மின்னினாலும் அது அவரல்ல என்று தெரியும். தெரிந்தும் கால் வேகத்தைக் குறைத்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கோடை தொடங்கும்போது, ஹே நகரத்திலிருந்து ஐவன்ஹோவுக்குப் போகும் மண் பாதையில் ரேடியேட்டர்க் குழாய் வெடித்தது. நீராவி அடங்கும்வரை வானின் நிழலில் குந்தியிருந்தாள். பிறகு மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒட்டும் பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் முழங்காலுக்குக் கட்டுகிற பண்டேஜை அடுக்கடுக்காகச் சுற்றிக் கம்பியால் முறுக்கினாள். குடிதண்ணீரில் பாதியை உள்ளே ஊற்றினாள். எஞ்சினைக் கிளப்பிக் காத்திருந்தாள். கட்டு நனைந்தது, ஆனால் தாங்கியது.

"பாத்தீங்களோ, பிடிச்சிட்டுது!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினாள்.

பின்னால் உப்புப் புதர்களும் வானமும்தான். ஸ்பானரை நீட்டியபடி நிற்க ஒருவரும் இல்லை. யோகராணி பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்திருந்தவள், அன்று தானே அழுதாள். ஐவன்ஹோவில் வேலை முடிந்ததும் வானைத் தெற்கே திருப்பினாள்.

கிளென் வேவர்லியில் செங்கல் வீடு. முன்னால் இன்னும் வேர் பிடிக்காத புல். கதவைத் திறந்தது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்.

"நீங்கதான் யோகா அன்ரியா? அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. வாங்க. வண்டிக்குள்ளே பார்க்கலாமா?"

அந்தப் பெண்ணை யோகராணிக்குப் பிடித்துப்போயிற்று. வாசுதேவன் பட்டறையிலிருந்து வந்து வாசலில் வானைக் கண்டு, உள்ளே வராமல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றார். ரேடியேட்டர்க் குழாயைக் குனிந்து பார்த்து, "யாருங்க இதுக்குக் கட்டுப் போட்டது?" என்று குரல் கொடுத்தார். யோகராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டிசம்பர் மாதத்து நத்தார் விடுமுறை முழுக்க அங்கே இருந்தாள். மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். கல்யாணிக்கு அவள் இடியப்பம் பிழியக் காட்டிக் கொடுத்தாள். அவளுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கியிருந்தார்கள். புதுத் திரைச்சீலை, புதுக் கட்டில். முதல் நாள் அதில் கண் விழித்துக் கிடந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து போய் வானில் படுத்துத் தூங்கிப்போனாள். காலையில் வாசுதேவன் தேநீர்க் கோப்பையோடு வந்து பின்கதவைத் தட்டினார்.

"அந்த ரூம்ல ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லை. வடிவான அறை. எனக்குத்தான் வீட்டுக்குள்ள நித்திரை வரேல்லை."

அவர் படியில் உட்கார்ந்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். "நான் வேலைக்குப் போறன். போட்டு வருவன். இங்க நிப்பன், பிறகு போவன். உங்களை விட்டுப் போறதில்லை. ஆனா ஒரேயடியா இருக்க என்னால ஏலாது."

வாசுதேவன் தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தார். அடுத்த வீட்டில் யாரோ புல் வெட்டத் தொடங்கினார்கள்.

"கல்யாணி எப்போ வருவா, எப்போ வருவான்னு இத்தனை வருஷம் காத்துக் கிடந்தாச்சுங்க. இன்னும் ஒருத்தருக்காக வாசலைப் பார்த்துட்டு உட்கார என்கிட்டே தெம்பு இல்லை" என்றார்.

கோபமில்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. ஒருவரும் கெட்டவரில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. புத்தாண்டு கழிந்த காலையில் யோகராணி வானைக் கிளப்பினாள். கல்யாணி கையசைத்தாள். அவர் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நின்றார். புதுக் குழாயை அவளுக்குத் தெரியாமல் அவரே மாட்டியிருந்தார் என்பதை அவள் முதல் பெட்ரோல் நிலையத்தில் பானெட்டைத் திறந்தபோதுதான் கண்டாள்.

அந்த வருஷம் சிட்னியின் வெஸ்ட்மீட்டில் பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்போகிறார்கள் என்று ராதா சொன்னாள். "அக்கா, தாதிமாரை எடுக்கினமாம். இனியாவது ஒரு இடத்திலை இருங்கோ." யோகராணி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போனாள். அது மரத் தட்டொன்றின் அடியில் கிடந்து எண்ணெய்க் கறை பிடித்தது. அவள் வேலை செய்தாள், திருகாணி முறுக்கினாள், சமைத்தாள், தனியாகச் சாப்பிட்டாள். இரண்டாவது மடக்குக் கதிரையை விரிப்பதில்லை. யாருக்காவது கொடுத்துவிடவும் மனம் வரவில்லை.

குளிர்காலத்தில் அவள் ஹே நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு மத்தியானம் வார்டிலிருந்து வானுக்கு வந்தபோது, பின்படியில் கோட்டு போட்ட ஒருவர் ஒரு சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். தலைமுடி முன்னைவிட நரைத்திருந்தது.

"கல்யாணி எங்க?" என்பதுதான் யோகராணியின் வாயில் முதலில் வந்தது.

"சிநேகிதி வீட்டிலே விட்டுட்டு வந்தேன். அவதான் அனுப்பினா." வாசுதேவன் எழுந்தார். "'அப்பா, நீங்க எப்படியும் வாசலைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருக்கீங்க. வராதவங்களுக்காகப் பார்க்கிறதை விட, வர்றவங்களுக்காகப் பார்க்கலாமே'ன்னு சொல்றா. சின்னப் பொண்ணு. மறுநாளே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போன் போட்டு உங்களை விசாரிச்சுட்டு பஸ் ஏறிட்டேங்க."

யோகராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையெல்லாம் ஆஸ்பத்திரிச் சவர்க்கார மணம். அந்தக் கையால் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். அதற்குமுன் அவள் அவரைத் தொட்டதே இல்லை, கிரீஸ் டப்பாவை மாற்றிக் கொடுக்கும்போது விரல்பட்டதைத் தவிர.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லைங்க."

அந்த வருஷ முடிவில் மெல்பர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. சிட்னியிலிருந்து ராதா குடும்பத்தோடு வந்து, "எப்பிடியோ அக்கா வீட்டுக்குள்ள வந்திட்டா" என்று மகிழ்ந்தாள். வரவில்லை. கல்யாணியின் பள்ளி விடுமுறைகளிலும் குளிர்காலத்திலும் யோகராணி கிளென் வேவர்லியில் இருந்தாள். வீட்டில் சமைத்தாள், பேசினாள், சிரித்தாள், வாசலில் நின்ற வானில் தூங்கினாள். சில நாள் வாசுதேவனும் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகைக் கட்டிலில் வந்து படுத்தார். அக்கம்பக்கத்தார் முதலில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மற்ற மாதங்களில் அவள் தெருவில்.

பயணம் முன்பு போல் இலேசாக இல்லை. முன்பெல்லாம் அவள் ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது பின்னால் எதுவும் இருக்காது. இப்போது எந்தப் பக்கம் ஓடினாலும் அவளில் ஒரு பாதி பின்னால் தூரப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கும்போது விடியலில் லொறிகள் பெருந்தெருவுக்கு ஏறும் சத்தம் கேட்டு, அவளுடைய வலது கால் போர்வைக்குள் அசையும். தெருவில் இருக்கும்போது ரசம் கொதிக்கும் மணம் வந்தது போலிருக்கும். இந்த ஏக்கம் ஒருநாள் ஓய்ந்துவிடும் என்று அவள் கொஞ்சக் காலம் எதிர்பார்த்தாள். ஓயவில்லை. அதோடு ஓடப் பழகிக்கொண்டாள்.

எழுபத்தொன்பது செப்டம்பரில் வில்கேனியாவில் வேலை. டார்லிங் ஆற்றங்கரையில் வானை நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசுதேவன் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுப்பார். அலுவலக அறையில் நின்றபடி அவள் பேசுவாள்.

"கல்யாணி சோதனை எப்பிடிச் செய்தவள்?"

"நல்லா எழுதியிருக்காளாம். பின்சக்கரம் சத்தம் போடுதுன்னீங்களே?"

"கழற்றிப் பாத்தனான். தேய்ஞ்சு போச்சு. நாளைக்கு மாத்துவன்."

"கிரீஸ் நிறைய வையுங்க."

"நீங்களோ எனக்குச் சொல்லுறது?"

மறுபக்கத்தில் அவர் சிரிப்பது கேட்டது. பிறகு கம்பியில் காற்று ஊதுவது போல ஓர் இரைச்சல் மட்டும். அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. வார்டிலிருந்து மணி அடித்தது.

"எப்போ வர்றீங்க?" என்றார் வாசுதேவன்.

"ரண்டு கிழமை" என்றாள் யோகராணி. "மழை பெய்யாட்டி. மண் பாதை."

"சரிங்க. மெதுவா வாங்க" என்று சொல்லி அவர் ரிசீவரை வைத்தார். யோகராணி தாதித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மணி அடித்த கட்டிலைத் தேடி நடந்தாள்.